எட்டாவது பவளம்

"நான் கை வைக்கல, அமலி, நான் போட்டது—"

"நீ கை வைக்காம அது தானா வெளுத்துதாக்கும். உப்புத் தண்ணியில ஊறி—"

"பேச விடுதியா. நான் போட்ட நிறம் அதான், அப்படியேதான் இருக்கு—"

"அந்தக் கோதுமை மாவா நீ போட்ட நிறம்? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பிலோமினா மகளின் முகத்தைப் பார்க்கத்தான் திரும்பினாள். அதற்குள் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி இருமியது. "அக்கா, ரெண்டு பேரும் கொஞ்சம் அமைதியா இருந்தாத்தான் கண்ணு அடங்கும். அழுதாக்கூட மறுபடி முதல்ல இருந்துதான்" என்றார் இசக்கிராஜா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த அறையை நடத்துகிறவர் அவர். இங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் அவர் தெரியமாட்டார். தாயும் மகளும்தான் தெரிவார்கள்.

அறை முழுக்கச் சாம்பல். சுவர், தரை, நாற்காலி, மேலே மாட்டிக்கொள்ளச் சொன்ன அங்கி எல்லாமே ஒரே சாம்பல். சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தால் அந்தச் சிவப்பு கண்ணில் ஏறி, போடுகிற பச்சை கெட்டுப்போகும். நிறம் பார்க்கிற அறையில் வேறு நிறம் இருக்கக் கூடாது. சித்திரக்கதைக்கு வண்ணம் போடுகிறவர்களுக்கு இது பழகின சங்கதிதான். பிலோமினாவும் பதினான்கு இதழ்களை இப்படிப்பட்ட அறையில்தான் முடித்திருக்கிறாள். ஆனால் பூட்டி வைப்பது இன்றைக்குத்தான். சோதனை தொடங்கிவிட்டால் தொண்ணூறு நிமிடம் கதவு திறக்காது. வெளி வெளிச்சம் ஒரு கீற்று உள்ளே வந்தாலும் திரையின் கேமரா எடுக்கிற கண்ணின் பதிவு செல்லாது. அவசரத்துக்கு ஒரு கைப்பிடி உண்டு. அதற்கும் சாம்பல்தான் அடித்திருந்தார்கள். அதை இழுத்தால் புகார் அத்தோடு தள்ளுபடி, மறுபடி கொடுக்க முடியாது.

புகார் கொடுத்தவள் பிலோமினா. கொடுக்க வைத்தவள் அமலி.

'உப்பளத்துப் பவளம்' என்று ஒரு தொடர். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண், காணாமல் போகிறவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். கதையும் கோடும் அமலி, வண்ணம் அவள் அம்மா. அமலிக்கு ஒரு பழக்கம்: கோடு போட்டு அனுப்பிவிட்டால் அந்த இதழை அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள், தப்பு மட்டும்தான் கண்ணில் படும் என்பாள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பிலோமினா தன் டேப்லட்டைத் திறந்து வைத்துவிட்டு மீன்குழம்பை இறக்கப் போனாள். போகிற போக்கில் அமலி எட்டிப் பார்த்தாள். பதினான்காம் இதழின் அட்டை. உப்புக் குவியல் மேல் பவளம் நிற்கிறாள். வெள்ளையின் நடுவே கன்னங்கரேலென்று நிற்பதுபோல் அமலி வரைந்தது. இப்போது அங்கே நின்றது வேறொருத்தி. உப்பு எங்கே முடிகிறது, பெண் எங்கே தொடங்குகிறாள் என்று தேட வேண்டியிருந்தது.

அமலி போட்ட சத்தத்தில் குழம்பு அடுப்பிலேயே நின்றது. பிலோமினா வந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அதுதான் சண்டையே. நான் போட்டது இதுதான் என்று அம்மா சாதிக்க, பொய் சொல்கிறாள் என்று மகள் சாதிக்க, நான்கு நாள் வீட்டில் ஒருவர் தட்டை ஒருவர் தொடவில்லை. கடைசியில், மூலக் கோப்பை, எந்த நிறத்தையும் மாற்றாத நடுநிலைத் திரையில் திறந்து பார்த்துவிடுவது என்று, தொடரை வெளியிடுகிற கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள்.

பத்து நிமிடத்தில் அறையின் வெளிச்சத்துக்குக் கண் அடங்கியது. "திறக்குதேன்" என்றார் இசக்கிராஜா.

திரையில் பவளம் வந்தாள். கறுப்பு. வெறும் கறுப்பு என்று சொன்னால் அது பிலோமினாவின் வேலைக்கு மரியாதை இல்லை. உள்ளே கொஞ்சம் செம்மண், கன்னத்து மேட்டில் உப்பு வெளிச்சம் பட்டுக் கொஞ்சம் நீலம். ஓரத்தில் அந்த நிறத்துக்குப் பிலோமினா வைத்த பெயர் இருந்தது: 'கை'. முதல் இதழின்போது அமலியின் இடது முழங்கையைத் திரையோடு சேர்த்துவைத்து, நாற்பது நிமிடம் அசையாதே என்று மிரட்டி எடுத்த நிறம் அது.

அமலி எழுந்து போய் அங்கியின் கையைச் சுருட்டிவிட்டு முழங்கையைத் திரையோடு வைத்தாள். கை எங்கே முடிகிறது, பவளம் எங்கே தொடங்குகிறாள் என்று தெரியவில்லை.

"தெரியுதா?" என்றாள் பிலோமினா.

"தெரியுது."

"நாலு நாளா என்ன பேச்சு பேசின."

"சரி சரி. கோர்ட்டுல ஜெயிச்சவ மாதிரி நிக்காத. இந்தச் சாம்பல் அங்கியில உனக்கு அது எடுக்கல" என்றாள் அமலி. சொல்லிவிட்டு அம்மாவின் தோளில் தலையை ஒரு முட்டு முட்டினாள். மன்னிப்பெல்லாம் அவள் அப்படித்தான் கேட்பாள்.

அப்படியென்றால் கம்பெனிதான் மாற்றியிருக்கிறது. பிலோமினா கண்ணாடியைப் பார்த்து, மரியாதை குறையாமல், ஆனால் ஒன்றும் மிச்சம் வைக்காமல் கேட்டாள். பெற்ற பிள்ளைக்குப் பேர் வைத்தவள் நான், சாயம் அடிக்க நீங்கள் யார் என்கிற அளவுக்குப் போனாள். இசக்கிராஜா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து, "நாங்க யாரும் தொடலக்கா. படிக்கிறவங்க மாத்துதாங்க" என்றார்.

"படிக்கிறவன் எப்படிய்யா மாத்துவான்?"

"கண்மணி இருக்குல்லா, பிடிச்சதப் பாத்தா ஒரு மயிரிழை விரியும். நீங்க விரியாதன்னாலும் விரியும். டேப்லட்டுல இருக்க கேமரா அதப் பாத்துக்கிடும். அடுத்த பக்கத்துல அந்த நிறத்துப் பக்கமா ஒரு பொட்டு நகத்தும். ஒரே நாள்ல இல்ல, இதழுக்கு இதழ். பார்வைப் பொருத்தம்னு பேரு. போன தையில இருந்து ஓடுது. சம்மதமான்னு கேட்டு எல்லாருக்கும் வந்துச்சே."

வந்தது. பிலோமினாவும் எதையும் படிக்காமல் சம்மதத்தை அழுத்தியிருந்தாள்.

"ஆக ஊருக்கு ஒரு பவளம்" என்றாள் அமலி.

ஊருக்கு இல்லை, ஆளுக்கு ஒன்று என்றார் அவர். கணக்குப் பார்த்தால் பெரும்பாலான திரைகளில் அவள் கோதுமைதானாம். சில திரைகளில் அதற்கும் மேலே போய், முழங்கால் வரைக்கும் உப்பில் கரைந்தே போயிருக்கிறாள். எதிர்ப்பக்கமும் உண்டு. முள்ளக்காட்டுக்கு அந்தாண்டை ஏதோ உப்பளக் குடியிருப்பில் ஒரே டேப்லட்டைப் பதினாறு பிள்ளைகள் சேர்ந்து பார்க்கிறார்கள். அதில் பவளம் மூலத்தைவிட ஒரு படி கறுப்பு.

அமலி அதைக் கேட்டுச் சிரித்தாள். பிலோமினா சிரிக்கவில்லை. ஊர்க்கண்ணே இப்படித்தான் என்று பொரிந்தாள். கறுப்பாக ஒருத்தி கதாநாயகியாக நின்றால் பொறுக்காத கண், திருட்டுத்தனமாகச் சுரண்டிச் சுரண்டி வெளுக்கிற கண், அந்தக் கண்ணிலெல்லாம் உப்பைப் போட வேண்டும் என்றாள். இசக்கிராஜா நடுவில் புகுந்து, வழி இருக்கிறது என்றார். ஒரு தொடருக்கு ஒரு முறை, வண்ணம் போட்டவர் ஒரு நிறத்தைப் பூட்டலாம். பூட்டிவிட்டால் யார் கண்ணும் அதை நகர்த்த முடியாது. எல்லாத் திரையிலும் ஒரே பவளம். அதற்குத்தான் இந்தத் தொண்ணூறு நிமிடம்.

"அப்ப பூட்டுங்க. 'கை'தான். இதுல கேக்க என்ன இருக்கு?"

"வாயால சொன்னா பத்தாதுக்கா. ஆளாளுக்கு அப்படிச் சொல்லுவாங்கள்லா. ஒம்பது பவளம் வரும், கலைச்சுப் போட்டு. ஒண்ணு நல்ல வெளுப்பு, ஒம்பது நல்ல கறுப்பு. உங்க 'கை' எட்டு. நீங்க சும்மா பாத்தாப் போதும். உங்க கண்ணு எதுல நிக்குதோ அதான் பூட்டு."

"இந்தக் கண்ணு நாப்பது வருஷம் நிறம் பாத்த கண்ணு" என்றாள் பிலோமினா. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அமலி அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு, ஏதோ சில்லறைச் சந்தேகம் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். "அண்ணே, எங்கம்மா டேப்லட்டுல வெளுப்பா இருந்துச்சுல்லா. அத மாத்துனது யாரு?"

இசக்கிராஜா திருப்பிக் கேட்டார்: "அத வேற யாராச்சும் பாப்பாங்களா?"

"அவங்க கண்ணக் காட்டினாத்தான் திறக்கும். நான்கூட ஞாயித்துக்கிழமைதான் பாத்தேன்."

மாற்றியது யார் என்று இனி யாரும் சொல்லத் தேவையில்லை. பிலோமினா திரும்பி மகளைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள், கழுத்து திரும்பவில்லை. கதவைப் பார்த்தாள். சுவரின் நிறத்திலேயே கதவும் இருந்ததால் அது எங்கே என்று உடனே தெரியவில்லை. ஐம்பத்திரண்டு நிமிடம் மீதி என்று திரையின் மூலையில் ஓடியது.

வண்ணம் போட வருவதற்கு முன்னால் அவள் இருபது வருடம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் வேலை பார்த்தவள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெண்பிள்ளைகள் படம் வந்தால் யாரும் கேட்காமலேயே முகத்தை ஒரு சுற்று வெளுப்பாக ஏற்றிவிடுவார்கள். கல்யாணத்துக்குக் காட்டுகிற படமென்றால் இரண்டு சுற்று. பையன்கள் படத்துக்கு எதுவும் கிடையாது. வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பது மாதிரி அது, கொடுக்காவிட்டால்தான் குறை. எத்தனை ஆயிரம் முகம் ஏற்றியிருப்பாள், அவள் எண்ணியதில்லை. அமலி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படமும் அவள் கைக்குத்தான் வந்தது. வெள்ளை கவுன், வெள்ளைக் கிரீடம், கையில் மெழுகுதிரி. அதற்கு மூன்று சுற்று ஏற்றினாள். ஒன்பது வயது அமலி, முன்னறையில் மாட்டிய அந்தப் படத்துக்குக் கீழே நின்று தன் கையைத் தூக்கிப் படத்தோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, விளையாடப் போய்விட்டாள். அன்றைக்கு அடுப்படியில் நின்று பிலோமினா அழுதாள். 'கை' என்று ஒரு நிறத்துக்குப் பேர் வைத்தது அந்த அழுகையைக் கழுவத்தான். கழுவியாகிவிட்டது என்றுதான் இத்தனை நாள் இருந்தாள்.

"ஆரம்பிக்கலாமாக்கா?"

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா பவளம் இப்படியே போகும். வேற ஒண்ணும் இல்ல."

"ஆரம்பிங்க அண்ணே" என்றாள் அமலி.

ஒன்பது பவளங்கள் வந்தார்கள். ஒரே நிற்பு, ஒரே முறைப்பு, ஒன்பது தோல். பிலோமினாவுக்கு எட்டாவதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி ஆகவில்லை. மேல் வரிசையில் வலது ஓரம். அதையே பார்த்தாள். மற்ற எட்டுப் பேரும் செத்துப்போனது மாதிரி அதை மட்டும் பார்த்தாள். இவள்தான், இவள்தான் என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். கண்ணில் நீர் முட்டியது, சிமிட்டாமல் இருந்தாள்.

இசக்கிராஜா எண்ணைச் சொல்லத் தயங்கினார். அமலி இரண்டு முறை கேட்ட பிறகு, "மூணு" என்றார்.

"நான் மூணப் பாக்கவே இல்லியே."

"பாத்தீங்கக்கா. எட்டப் பாக்கதுக்கு முன்ன, போற போக்குல. நீங்க பாத்தது உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அப்பத்தான் விரிஞ்சுது. எட்டுக்கு வந்ததும் சுருங்கிட்டு."

மூன்று வாய்ப்பு உண்டு; வந்ததில் எதைப் பூட்டுவது என்று கதவு திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இரண்டாம் முறை பிலோமினா உபாயம் ஒன்று செய்தாள்: கண்ணை மூடி, அமலி பிறந்த அன்று ஈரத்துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததை நினைத்துக்கொண்டு திறந்தாள். மூணு. மூன்றாம் முறை எதையும் நினைக்காமல், வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பது போல எல்லாவற்றையும் பார்த்தாள். "ரெண்டு" என்றது ஒலிபெருக்கி.

பிலோமினா எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். எங்கும் விளிம்பு தட்டுப்படவில்லை. கதவைத் திறக்கச் சொல்லி ஒரு முறை சொன்னாள், மெதுவாகத்தான். இன்னும் இருபத்தாறு நிமிடம் இருக்கிறது என்றார் அவர். கைப்பிடி கையில் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இழுக்கவில்லை. இழுத்தால் வெளியே வெயில், காற்று, ஆட்டோ, மீன் வாங்குகிற கூட்டம். இழுத்தால் பவளம் போய்விடுவாள்.

எதிரே கண்ணாடியில் இரண்டு பேர் தெரிந்தார்கள். சாம்பல் அங்கியில் தாயும் மகளும். அந்த அறைக்குள் அனுமதித்த நிறம் அவர்கள் தோல் மட்டும்தான். இரண்டும் ஏறத்தாழ ஒரே நிறம் என்பது பிலோமினாவுக்கு அப்போதுதான் கண்ணில் விழுந்தது. தன்னையும் இந்தக் கண்தான் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"அக்கா, இங்க ஒண்ணு இருக்கு" என்றார் இசக்கிராஜா. குரலைத் தாழ்த்தியிருந்தார், கேட்க வேறு யாரும் இல்லாதபோதும். "கண் களைப்புன்னு ஒரு படிவம் உண்டு. வயசானவங்க, கண்புரை உள்ளவங்களுக்கு. அதப் போட்டா கண்ணோட பதிவ எடுக்கமாட்டாங்க, கையெழுத்தே போதும். எந்த எண்ணு எழுதுதீங்களோ அதான் பூட்டு. நான் மேல ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"பொய்யா?" என்றாள் பிலோமினா.

"களைப்பு இல்லன்னா சொல்லுதீங்க?"

அவள் மகளைப் பார்க்கவில்லை. மகள் என்ன சொல்வாள் என்று மட்டும் காத்திருந்தாள். அமலி நேரம் எடுத்துக்கொண்டாள்.

"போடச் சொல்லுங்க அண்ணே" என்றாள். "அந்தப் பதினாறு பிள்ளைங்களுக்கு ஒரு படி குறையும். பரவால்ல. மத்தவங்களுக்கு அவ தெரியட்டும்."

திரையில் படிவம் வந்தது. பிலோமினா பேனாவை எடுத்தாள். கை நடுங்கவில்லை, கை எப்போதும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எட்டு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். மூலையில் ஒரு சின்னப் பூட்டு விழுந்தது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் மறைந்து, உப்புக் குவியல் மேல் ஒருத்தி மட்டும் நின்றாள். இந்நேரம் எல்லா ஊரிலும், எல்லாத் திரையிலும் இவளே நின்றிருப்பாள். வீட்டில் குழம்புச் சட்டி பக்கத்தில் கிடக்கிற டேப்லட்டிலும்.

"முடிஞ்சுதுக்கா. நல்லபடியா முடிஞ்சுது. கதவு ஒம்பது நிமிஷத்துல தானா திறக்கும்" என்று சொல்லிவிட்டு இசக்கிராஜா ஒலிபெருக்கியை அணைத்தார். அணைத்த பிறகுதான் அதுவரைக்கும் அதில் ஒரு இரைச்சல் இருந்தது தெரிந்தது.

பிலோமினா நாற்காலியிலேயே இருந்தாள். அமலி வந்து அவள் முன்னால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முகத்தை நிமிர்த்தி, திரையின் வெளிச்சம் நன்றாக விழும்படி வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் தலைவாரிவிடக் காட்டுவாளே, அப்படி. கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பிலோமினா அவளைப் பார்த்தாள், கண்ணைத் தாழ்த்தினாள், மறுபடி பார்த்தாள். எட்டு நிமிடம் இருந்தது.

"சும்மாதான் கேக்கேன்" என்றாள் அமலி. "என்னப் பாக்கப்ப உனக்கு எத்தனாவது தெரியுதும்மா?"